படிப்போ, வேலையோ

புர்க்டோர்ஃப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் மாலை.
சின்ன வகுப்புக் கதிரைகள்.
அப்பாவின் முழங்கால் மேசையைத் தூக்குகிறது.
ஆசிரியை ஏஷ்லிமான் ஒரு தாளை விரிக்கிறார்:
ஒன்பதாம் வகுப்பு முடிந்தபின்
பிள்ளைகள் போகக்கூடிய பாதைகள்,
மூன்று நிறத்தில், அம்புக்குறிகளோடு.
நான் நடுவில் இருக்கிறேன்.
வலக்காதில் ஜெர்மன், இடப்பக்கம் திரும்பித் தமிழ்.

"லேர எண்டால், அப்பா,
கிழமையில நாலு நாள் முதலாளியிட்ட,
ஒரு நாள் வகுப்பு.
சம்பளமும் இருக்கு, சோதினையும் இருக்கு.
முடிய ஒரு பத்திரம்."

"இது படிப்போ, வேலையோ?"

இரண்டு சொல்லையும் நிறுத்துப் பார்த்தேன்.
படிப்பு என்றால் வேர்க்கக் கூடாது எங்கள் வீட்டில்.
வேலை என்றால்
ஆசுப்பத்திரிச் சமையலறையில் பதினெட்டு வருசமாய்
தட்டுக் கழுவும் மெசினின் வாயில் அவர் நிற்பது.
"நடுவில," என்றேன்.
"நடுவில ஒண்டும் இல்லை."
என்ன சொல்கிறார் என்று ஏஷ்லிமான் கேட்டார்.
யோசிக்கிறார் என்று சொன்னேன்.

சேருமுன் சில நாள் போய்ப் பார்ப்பதற்கு
முகர்ந்து பார்த்தல் என்றுதான் இங்கே பெயர்.
நான் நாலு இடம் முகர்ந்தேன்.
மருந்துக்கடையில் பெட்டி அடுக்கினேன், ஒரு மணமும் இல்லை.
வங்கியில் கோப்பி மட்டும் மணத்தது.
குழந்தைகள் காப்பகத்தில்
மத்தியானம் நித்திரையானது நான்தான்.

நாலாவது, லூத்தியின் கடை. குழாயும் வெப்பமூட்டியும்.
ஹாஸ்லேயில் ஒரு பழைய வீடு, பச்சைத் தண்ணீர் போல் குளிர்.
விரல் நீளச் சாவியொன்றைத் தந்து
ரேடியேற்றரின் காதுக்குள் விட்டுத் திருகச் சொன்னார்கள்.
உஸ்ஸென்று காற்று வந்தது.
பிறகு துப்பல், பிறகு தண்ணீர், என் கைமுட்டி முழுக்கக் கறுப்பு.
கொஞ்ச நேரத்தில் இரும்பு கைபொறுக்காத சூடு.
மேல்மாடியில் யாரோ கம்பளிச்சட்டையைக் கழற்றியிருக்கக் கூடும்.
நான் காணவில்லை.
ஆனால் அது நான் செய்தது.

பதினாலு கடிதம் எழுதினேன்.
பதின்மூன்றில் ஒரே தொடக்கம்: துரதிர்ஷ்டவசமாக.
லூத்தி மட்டும் வா என்றார்.

"கக்கூஸ் பைப்போ?" என்றார் அம்மா.
ஒல்டன் மாமா போனில்:
"எங்கட ஆக்கள் செய்யிற வேலையோ அது?"
எங்கட ஆக்கள் என்றால் யாரென்று நான் கேட்கவில்லை.
அவர் வீட்டுக் குழாயை யார் பூட்டியது என்றும் கேட்கவில்லை.

அந்த மாலையில், மண்டபம் கலையும்போது,
ஏஷ்லிமான் அப்பாவைப் பார்த்து ஒன்று சொன்னார்:
உங்கள் மகளின் புள்ளிகளுக்கு கிம்னாசியமும் எட்டும்,
விரும்பினால் இப்போதும் முயலலாம்.

நான் இடப்பக்கம் திரும்பினேன்.
"எட்டரைக்குக் கதவு பூட்டுவினமாம்," என்றேன்.

பஸ்ஸில் அவர் யன்னலோரம்.
எம்மே ஆற்றுப் பாலம் தாண்டும்வரை பேச்சில்லை.
பிறகு, கண்ணாடியைப் பார்த்தபடி:
"கிம்னாசியம் எண்ட சொல்லுக்கும்
எனக்குத் தமிழ் வேணுமோ?"

என் காதுக்குள் அந்தக் காற்று, உஸ்ஸென்று.
அதற்கு மேல் அவர் எதையும் திருகவில்லை.

மாசி மாதம் ஒப்பந்தம், மூன்று பிரதி.
முதல் மூன்று மாதம் இரண்டு பக்கமும் விலகலாம் என்ற வரியை
அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.
"கலியாணத்துக்கும் இப்பிடி ஒண்டு வைச்சிருக்கலாம்."
அப்பா தமிழில் கையெழுத்து வைத்தார்,
க. தவபாலன், குற்று விடாமல், மூன்று தரம்.
பிறகு என்னைப் பாராமல்
தன் சமையலறை ஜெர்மனில் லூத்தியிடம் தானே கேட்டார்:
"பாதுகாப்புச் சப்பாத்து, யார் காசு?"
"கடையின் காசு."
"நல்லம்."

முப்பத்தாறாம் அளவு கையிருப்பில் இல்லையாம்.
இதுவரை யாரும் கேட்டதில்லை,
எழுதித்தான் எடுப்பிக்க வேணும் என்றார் லூத்தி.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
அப்பா குனிந்து
என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.